கொதித்து முடிந்த சுண்ணாம்பு

அன்று காலையில் நான் வீட்டில் சொன்னது ஒவ்வொன்றும் சரி. பாடப்புத்தகத்தை விரித்து வைத்துச் சரிபார்த்தாலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்காது. அதுதான் என்னை இன்றுவரை உலுக்குகிறது. தவறாகச் சொல்லியிருந்தால் வருத்தப்பட்டுத் திருத்திக்கொண்டு போயிருப்பேன்.

நான் வேதியியல் படித்தவள். தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. விடுமுறைக்குக் கோவில்பட்டிக்கு அருகே கரிசல் காட்டுக்குள் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிடுவேன். சித்திரை வெயிலில் எங்கள் காங்கிரீட் கூரை பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரியெல்லாம் கக்கும். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்குள் சூடு குறையும் என்று அந்த ஆண்டு ஊரில் பாதிப்பேர் அடித்துவிட்டார்கள். அப்பாவும் ஒரு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்திருந்தார். கடையில் பாக்கெட்டில் விற்கும் பொடியை அவர் தொடமாட்டார்.

"அது செத்த சுண்ணாம்பு. நாமளே நீத்துனாத்தான் தளத்துல பிடிக்கும்" என்பார்.

நீற்றுவது என்றால், சூளையில் சுட்ட கிளிஞ்சலின் மேல் தண்ணீர் விட்டு அதைக் குழைய வைப்பது. தீயே இல்லாமல் அது தானாகக் கொதிக்கும்.

அம்மா கயத்தாற்றில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அப்பா, நான், தங்கை மூன்று பேர்தான். தங்கை ரயில் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனைக்காகக் காத்திருந்தாள். அந்த வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் பார்வை பளிச்சென்று இருக்க வேண்டும். அதனால் அவள் கண் எங்கள் வீட்டின் பொதுச் சொத்தாகியிருந்தது. தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கத் தடை. வெயிலில் போனால் தொப்பி. சின்ன எழுத்தில் எது அகப்பட்டாலும், மாத்திரை அட்டை, பிஸ்கட் உறை, பேருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவளைப் படிக்கச் சொல்லுவார் அப்பா.

கிணற்றடிக்குப் பக்கத்து முற்றத்தில் முதல் வாளிச் சுண்ணாம்பு திறந்த வாளியிலேயே நீறியது. தண்ணீர் விட்டதும் சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு 'சொய்ங்' என்று ஒரு முனகல். கிளிஞ்சல்கள் விரிந்து வெடித்து, ஆவி கிளம்பி, சோற்றுப் பானைபோல் தளதளவென்று கொதித்தது.

"எக்கா, அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல, எப்படிக்கா கொதிக்குது?" என்றாள் தங்கை.

எனக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் கொண்டாட்டம். வாளிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து சொன்னேன். கிளிஞ்சலில் கால்சியம் இருக்கிறது. அந்த அணுவின் கடைசி வட்டத்தில் இரண்டு எலெக்ட்ரான்கள். அவற்றை யாருக்காவது கொடுத்துவிட்டால்தான் அதற்கு நிம்மதி.

அப்பா வாளியைக் கம்பால் கிண்டியபடி சிரித்தார். "எனக்கும் அதே கதைதானட்டி. ரெண்டையும் ஒருத்தன்ட்ட பிடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி."

"நீங்க குடுக்கதுக்கு முன்னால நான் ரயில எடுத்துட்டுப் போயிருவேன்" என்றாள் தங்கை.

"நீ ஓட்டுத ரயில்ல எவன் ஏறுவான்?"

"ஏறினவன் நேரத்துக்குப் போய்ச் சேருவான். உங்க வண்டி மாதிரி தள்ள வேண்டாம்."

நான் விடவில்லை. கால்சியம் கொடுக்கும் இரண்டையும் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. சூளையின் சூட்டில் கிளிஞ்சலிலிருந்த கரியமில வாயு ஓடிப்போய், மிஞ்சுவது கால்சியமும் ஆக்சிஜனும் மட்டும். அந்த ஆக்சிஜன் சும்மா இருக்காது. தண்ணீர் பட்டதும் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போது புதுப் பிணைப்புகள் உண்டாகும்; உண்டாகும்போது சூடு வெளியே வரும்; அந்தச் சூட்டில்தான் தண்ணீர் கொதிக்கிறது. சூளையில் வாங்கிய கடனைத் தண்ணீர் வந்து கேட்கிறது என்றும் சொன்னேன் என்று நினைவு. சொல்லி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது.

"அப்ப சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும். அவ்வளவுதான?" என்றார் அப்பா.

"அவ்வளவுதான்" என்றேன்.

அடுத்த வாளி போடும்போது நான் மாடியைக் கூட்டப் போய்விட்டேன். காற்று எழுந்திருந்தது. எங்கள் பக்கத்துக் காற்று திசை பார்க்காமல் அடிக்கும். பக்கத்து வீட்டு மதினி கைக்குழந்தைக்காரி. மதில்மேல் தலை நீட்டி அவள் சத்தம் கொடுத்தது எனக்கு மாடியில் கேட்டது.

"மாமா, சுண்ணாம்புத் தூசி எல்லாம் பிள்ளை தொட்டில்ல வந்து விழுது. ஒரு மறைப்பு வைங்களேன்."

"இந்தா மூடிருதேன் தாயி" என்றார் அப்பா.

அவர் போட்டது பெயிண்ட் வாளியின் மூடி. சுற்றிலும் அமுக்கினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் வகை. காற்றில் பறக்காதிருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தார். இரக்கப்பட்டுச் செய்த காரியம். நான் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் பார்க்கவில்லை.

லாரி டயர் வெடித்ததுபோல் சத்தம். எட்டிப் பார்த்தேன். முற்றத்துச் சுவர், துவைக்கிற கல், கொடியில் கிடந்த சேலை எல்லாம் வெள்ளை. தங்கை வாளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு இருந்தாள். இடது கண்ணை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். அலறவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

ஆய்வகத்தில் எங்களுக்கு மனப்பாடமான ஒரு வரிசை உண்டு. கண்ணில் காரம் பட்டால் முதலில் தண்ணீர். இரண்டாவது தண்ணீர். மூன்றாவதும் தண்ணீர். யாரைக் கூப்பிடுவது, எங்கே கொண்டுபோவது எல்லாம் அதற்குப் பிறகு. சமையலறை வாசலில் குடிதண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருந்தன. எங்கள் ஊரில் குழாயில் நல்ல தண்ணீர் நினைத்தபோது வராது. வருகிற அன்று பிடித்து மூடி வைத்து, அடுத்த முறை வரை தம்ளர் தம்ளராகச் செலவழிப்போம். ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அப்பா குறுக்கே வந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத? சுண்ணாம்புல தண்ணி ஊத்தப் போறியா?"

"விடுங்கப்பா. கழுவணும்."

"கொதிக்கும்லா! காலையில நீதான சொன்ன? பிள்ளை கண்ணுக்குள்ள கொதிக்க வைக்கச் சொல்லுதியா?"

மூடத்தனமாக ஏதாவது சொல்லியிருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். அவர் சொன்னது என் வாக்கியம். என் குரலிலேயே, என் சொற்களிலேயே எனக்கும் என் தங்கைக்கும் நடுவில் அது நின்றது.

மதினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். "தண்ணி வேண்டாம். தாய்ப்பால் விடுவோம். கண்ணுக்குக் குளுமை. ஏ பிள்ளை, கையை எடு, நான் பீச்சி விடுதேன்." எங்கள் பக்கத்தில் கண்ணில் தூசி விழுந்தாலும் கண் நோவு வந்தாலும் பிள்ளை பெற்றவளைத்தான் தேடுவார்கள். அவள் நல்ல மனதோடு ரவிக்கைக் கொக்கியைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். சில சொட்டுப் பால். எனக்கு வேண்டியது ஓர் ஓடை.

நான் அப்பாவைத் தள்ளிவிட்டுத் தங்கையின் தலையைப் பிடித்தேன். அவள்தான் என்னை மேலும் திகைக்க வைத்தாள். என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, குடத்தை ஒதுக்கினாள்.

"தண்ணி வேண்டாம்க்கா. கொதிக்கும்க்கா. பாத்தேம்லா. கொதிக்கும்."

அவள் பார்த்திருந்தாள். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, கண் அகலப் பார்த்திருந்தாள். நல்ல மாணவி. ஒரு தடவை சொன்னால் போதும் அவளுக்கு.

அவளுக்குச் சொல்ல வேண்டியது என்னிடம் இருந்தது. வாளியிலிருந்து தெறித்தது தண்ணீர் குடித்து முடித்த சுண்ணாம்பு. அதன் பெரும்பாகம் கொதித்து அடங்கியாகிவிட்டது. எங்காவது ஒரு துணுக்கு நீறாமல் இருந்தாலும் நிறையத் தண்ணீர் அந்தச் சூட்டையும் அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது கண்ணை அழிப்பது சூடு இல்லை. கால்சியத்தோடு ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சைடு. அது காரம். சோப்பு எண்ணெயை அறுப்பதுபோல் அது விழியின் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். தண்ணீர் ஒன்றுதான் அதை நீர்த்துப்போக வைத்து வெளியே இழுக்கும். காலையில் கொதிப்பதைச் சொல்ல எனக்கு எத்தனை நேரம் கிடைத்தது! இதைச் சொல்ல நேரம் இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அது வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் வலது முழங்கையிலிருந்து விரல் வரை சுண்ணாம்பு அப்பியிருந்தது. குடத்தை அந்தக் கையின்மேல் சரித்தேன். அவள் கண்ணை மூடியபடியே துள்ளினாள்.

"சொல்லு. கொதிக்குதா?"

இன்னும் ஊற்றினேன். வெள்ளை கரைந்து முழங்கையிலிருந்து வழிந்தது.

"ஏட்டி, சொல்லு. சுடுதா, குளுருதா?"

"குளுருது."

"அதே சுண்ணாம்புதான் கண்ணுலயும் இருக்கு. கையை எடு."

எடுத்தாள். தானாக எடுத்தாள். நான் அவள் தலையை இடப்பக்கமாகச் சாய்த்து, இமையை இரண்டு விரலால் பிரித்து, மூக்கோரத்திலிருந்து வெளியே ஓடும்படி ஊற்றினேன். இமை திறந்ததும் உள்ளே நான் பார்த்ததை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். சிவந்து கிடக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. அவ்வளவு போதும்.

முதல் குடம் முடிந்ததும் திரும்பினேன். அடுத்த குடத்தோடு அப்பா நின்றார். அதற்கடுத்து மதினி பிள்ளையை எங்கள் வீட்டுத் தரையில் கிடத்திவிட்டு, தன் வீட்டுக் குடத்தைத் தூக்கி வந்தாள். பிள்ளை அழுதது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்து வைத்த நல்ல தண்ணீர் எல்லாம் முற்றத்தில் பால்போல் ஓடி, மதிலுக்கு வெளியே கரிசலில் இறங்கியது.

தெருமுனையில் நின்ற ஆட்டோவை மதினி கூட்டி வந்தாள். அவள் வீட்டில் மிஞ்சிய ஒரு குடத்தையும் இரண்டு பாட்டில்களையும் அப்பா அதில் ஏற்றினார். கோவில்பட்டி போய்ச் சேரும்வரை தங்கையின் தலை என் மடியில். நான் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டே வந்தேன். முன்சீட்டில் ஓட்டுநரின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு வந்த அப்பா, காலிப் பாட்டிலை வாங்கிக் குடத்தில் முக்கி நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டோக்காரர், "வண்டியெல்லாம் தண்ணியாகுது அண்ணாச்சி" என்று ஆரம்பித்து, கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "ஊத்துங்க, ஊத்துங்க" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர். சுண்ணாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "எண்ணெய், பால் ஏதாவது விட்டீங்களா?"

"தண்ணீர் மட்டும்."

"எப்ப இருந்து?"

"பட்டவுடனே. கொஞ்சம் தாமதம்." அந்தக் கொஞ்சத்தை அவர் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

அவர் கீழிமையை இழுத்து ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒற்றி எடுத்தார். தினமும் என் கையில் புரளும் காகிதம் அது. காரத்தையும் அமிலத்தையும் நிறத்தில் காட்டும். குடுவையில் முக்கியிருக்கிறேன், குழாயில் முக்கியிருக்கிறேன். என் தங்கையின் கண்ணீரில் அது முங்கி வரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. கருநீலமாக வந்தது. நான் நிற அட்டையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

இவ்வளவு தண்ணீருக்குப் பிறகும் நீலம்.

மேலிமையைப் புரட்டினார். அதன் மடிப்புக்குள் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தண்ணீர் போகாத மூலையில் உட்கார்ந்து அவை கசிந்துகொண்டே இருந்திருக்கின்றன. பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுவதுபோல் உப்பு நீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாய் நுனியைக் கண்ணுக்கு மேலே பிடித்தார்கள். பாட்டில் முடியும், காகிதம் ஒற்றுவார்கள், நீலம். இன்னொரு பாட்டில். பச்சைகலந்த நீலம். தங்கை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் "என்ன கலருக்கா?" என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. கடைசியில் காகிதம் வெளிர்பச்சையாக வந்தபோது, மருத்துவரை முந்திக்கொண்டு நான் "வந்துட்டு" என்று கத்திவிட்டேன்.

வெளியே வராந்தாவில் அம்மா வந்திருந்தாள். கயத்தாற்றிலிருந்து பட்டுச்சேலையோடு பேருந்தில் வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா தள்ளி நின்றார்.

"காலையில நீ சொன்னது தப்பா?" என்று என்னிடம் கேட்டார்.

"தப்பில்லப்பா."

"பொறவு?"

"அது கொதிக்கிற வரைக்கும் உள்ள கதை. கொதிச்சு முடிஞ்ச சுண்ணாம்பு சுடாது. அரிக்கும். அதுக்குத் தண்ணிதான் வேணும்."

"மூடி போட்டது நான்தான்" என்றார். "ஆவி எங்க போகும்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பாக்கல. சோத்துப் பானைய மூடுத மாதிரி மூடிட்டேன்."

அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "சோத்துப் பானைய என்னைக்கு நீங்க மூடியிருக்கீங்க?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

புண் ஆற வாரங்கள் ஆயின. சொட்டு மருந்து, கட்டு, மறுபடி சொட்டு மருந்து. கட்டு அவிழ்த்த பிறகு கருவிழியின் ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளை மங்கல் தங்கியிருந்தது, கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல. நடுவில் இல்லை என்பதே பெரிது என்றார் மருத்துவர். பார்வை எவ்வளவு மிஞ்சியது என்று அளக்கும் நாள் வந்தது. அப்பா அறைக்குள் வர மறுத்துவிட்டார். நான்தான் கூடப் போனேன்.

வலது கண்ணை மூடிக்கொண்டு தங்கை அட்டையைப் படித்தாள். மேலே இருந்த பெரிய எண்களை அதட்டுவதுபோல் படித்தாள். நடு வரிகளில் குரல் நிதானமானது. கடைசிக்கு முந்திய வரியில் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடிச் சொன்னாள். கடைசி வரியில் கழுத்தை முன்னால் நீட்டினாள். மருத்துவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னார். அவள் மறுபடி முயன்றாள்.

"எட்டா மூணான்னு தெரியல டாக்டர்."

"பரவாயில்லை. நான் எதிர்பார்த்ததைவிட நல்லாவே இருக்கு."

"ரயில் ஓட்டுதவங்களுக்குக் கடைசி வரி வேணுமா?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளையே பார்த்துச் சொன்னார். "வேணும்."

"இது இன்னும் ஏறுமா?"

"கொஞ்சம் ஏறலாம். அந்த வரி வரைக்கும் ஏறும்னு நான் சொல்லமாட்டேன்."

நான் அவள் அழப்போகிறாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் அட்டையைப் பார்த்தபடியே கேட்டாள். "டேசன்ல டிக்கெட் குடுக்குதவங்களுக்கு?"

"அதுக்கு இது தாராளம்."

"சரி" என்று எழுந்தாள். என் கையில் கைக்குட்டை அப்படியே இருந்தது. இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரயில் அந்த ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டது.

வராந்தாவில் அப்பா எங்களைக் கண்டதும் எழுந்தார். என் முகத்தைத்தான் பார்த்தார். நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"ரயில ஓட்ட முடியாதுப்பா. டிக்கெட் வேணா குடுக்கலாம்."

அவர் அவள் இடது கண்ணைப் பார்த்தார். "கண்ணு?"

அவள் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரியுது. சட்டையில பொத்தான மாத்திப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்க. ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கு."

அப்பா குனிந்து சட்டையைப் பார்த்தார். ஒரு பொத்தானைக் கழற்றி மறுபடி அதே தப்பான துளையிலேயே மாட்டினார். அவள் கிட்டே போய், வலது கண்ணிலிருந்து கையை எடுக்காமலே, மற்றொரு கையால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள்.